பனிநீரில் மூன்று முழுக்கு

பனிவரை உறைந்தும் மணற்கரை அமர்ந்தோய்
நனிபிறர் ஆக்கம் நாணிலேன் பொறாத
பிழையெலாம் பொறுத்துநீ நின்திருக்
கழல்நிழல் வைப்பாய் கடற்கரை யோனே.

மார்கழித் திங்கள், நிறைமதி கூடிய திருவாதிரை நன்னாள். விடியலில் அக்கினி தீர்த்தத்தில் முழுகி, ஈர வேட்டியோடு கோயிலுள் சென்று, ஆடவல்லானின் திருமுகம் கண்டு திரும்பி, இதனை எழுத அமர்கிறேன். வேறொரு நாளில் எழுதியிருக்கலாம். ஆனால் நான் சொல்லப்போகும் பிழை, கடல் பல கடந்த ஓர் ஊரில், இதே திருவாதிரையன்றுதான் வெளிப்பட்டது. ஆகவே இந்த நாளே அதற்குரிய நாள்.

எங்கள் கோயிலுள் இருபத்திரண்டு தீர்த்தங்கள் உண்டு. அவற்றின் நீரை இத்தனை ஆண்டுகளாக வாளி வாளியாகத் தலையில் ஏற்றிருக்கிறேன். சினம் ஒருவாறு தணிந்தது. ஆசையும் வயதோடு அடங்கியது. பொறாமை மட்டும் ஒரு துளியும் கரையவில்லை. அது யார்மீது எழுந்தது, என்ன செய்தது என்பதை எழுதிவிட்டால் ஒருவேளை கரையுமோ என்று பார்க்கிறேன்.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. இராமேசுவரம் தபால் ஆபீசில் குமாஸ்தா. நாடு விடுதலை பெற்றுப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊரில் எங்களுக்கென்று ஒரு நீச்சல் சங்கம் இருந்தது. அதற்குக் கட்டடமும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பத்துப் பேர் கூடி, அக்கினி தீர்த்தக் கரையிலிருந்து ஓலைக்குடா வரை நீந்திப் போவோம், அவ்வளவே. ரயில்வே கார்டு ஒருவர் தலைவர். அவருடைய சட்டைப்பைக் கடிகாரந்தான் சங்கத்தின் ஒரே உடைமை. ஆங்கிலக் கடிதம் எழுதத் தெரிந்தவன் என்பதால் நான் காரியதரிசி. நீச்சலில் முதல்வனும் நானே. திருப்புல்லாணிக்கு அருகில் பிறந்து, சேதுக்கரை அலையில் கை வீசக் கற்றவன் என்ற செருக்கு எனக்கு நிறைய இருந்தது. நீந்தும்போது பதிகம் பாடுவேன். பதினொரு பாட்டும் முடியும்போது ஓலைக்குடா தேவாலயத்தின் சிலுவை கண்ணுக்குத் தெரியும். சங்கத்தார் என் பாட்டைக் கொண்டே தூரத்தை அளந்தார்கள்.

ஒரு பங்குனியில் அவர் வந்து சேர்ந்தார். தங்கச்சிமடத்துக் கத்தோலிக்கக் குடும்பம். சங்கு குளிப்பது தொழில். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஏழு பாகம், அதாவது ஏழு ஆள் ஆழத்திற்கு இறங்கி, மூச்சை அடக்கி, மடியில் சங்கோடு மேலே வருபவர். முதல் மாதம் எனக்குப் பின்னால் வந்தார். இரண்டாம் மாதம் எனக்கு இணையாக வந்தார். மூன்றாம் மாதம் நான் எட்டாம் பாட்டில் இருக்கையில் அவர் கரையேறி மணலில் உட்கார்ந்து பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க பாட்டு காதுல விழுந்துச்சுன்னா கை தானா போகுது அண்ணே," என்றார்.

நான் என் ஈசனுக்காகப் பாடிய பாட்டு அவர் கைக்கு வேகம் கொடுத்தது என்பதை அன்றிரவு சோற்றோடு விழுங்க முடியவில்லை.

தங்கச்சிமடத்துப் பங்குச் சாமியார் வெளிநாட்டவர். ஆறுகள் உறைந்துபோகும் தேசத்தில் பிறந்தவர். அவருடைய ஊரில் குளிர்காலத்தின் நடுவில் ஏரிப் பனியை வாள்கொண்டு அறுத்துக் குளம்போல் திறந்து, அதில் நீச்சல் பந்தயம் நடத்துவார்களாம். பிழைப்புக்காக அல்ல; எங்களைப் போலவே தச்சரும் ஆசிரியரும் ரொட்டி சுடுபவரும் சேர்ந்த சங்கங்கள். வெயில் நாட்டிலிருந்து ஒரு சங்கம் வந்து நீந்தினால் ஊர் மகிழும் என்று சாமியார் தம் தமையனுக்கு எழுத, அவ்வூர்ச் சங்கமே கப்பல் செலவை ஏற்றுக்கொண்டு எங்களுக்கு அழைப்பு விடுத்தது. மூவர் வரலாம்: அழைத்து வருபவர் ஒருவர், நீந்துபவர் இருவர். பந்தயங்கள் இரண்டு. சிறியது குளத்தின் இரண்டு நீளம். பெரியது எட்டு நீளம்; அதுவே கடைசியில், ஊரே திரண்டு நிற்க நடப்பது. ஒவ்வொன்றிலும் சங்கத்துக்கு ஒருவர்.

அந்தப் பெரிய பந்தயம் எனக்கு வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் நான் எதையும் அப்படி வேண்டியதில்லை. பனிமலை வாழும் பெருமானைப் பாடிப் பாடி வளர்ந்தவன், பனியின் நடுவே அவன் பாட்டைப் பாடி நீந்துவது எனக்கென்றே விதிக்கப்பட்டது என நம்பினேன். மார்கழி முழுதும் விடியற்காலையில் முழுகுபவன் நான். அந்தச் சங்கு குளிப்பவரோ உச்சி வெயிலில் சுடுகின்ற கடலில் தொழில் செய்பவர். குளிரை அவர் என்ன கண்டார்?

எங்கள் இருவரில் பெரிய பந்தயம் யாருக்கு என்று முடிவுசெய்யக் கார்டு ஒரு சோதனை வைத்தார். மண்டபம் ஊரில் மீனுக்கு ஐஸ் போடும் இடத்திலிருந்து உமி ஒட்டிய ஐஸ் பாளங்கள் ரயிலில் வந்தன. கரையில் கிடந்த பழைய வள்ளம் ஒன்றில் கடல்நீரை நிரப்பிப் பாளங்களை உடைத்துப் போட்டு, கழுத்தளவு நீரில் ஒவ்வொருவராக உட்கார வேண்டும். மீன் வாங்க வந்த பெண்கள் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏலே, மீனு கெட்டுப்போகாம இருக்க ஐஸ்ல வைப்பாக. இவுகள எதுக்கு வச்சிருக்காக?" என்றாள் ஒருத்தி.

"தபால் ஆபீஸ் அய்யாவ எந்தச் சந்தைக்கு அனுப்பப்போறாகளோ," என்றாள் மற்றவள்.

கார்டின் கடிகாரம் அன்று ஐஸ் நீர் பட்டு நின்றுவிட்டது. ஆகவே காலத்தை அளக்க என் பதிகமே அளவாயிற்று. நான் உட்கார்ந்து பாடினேன். ஒரு பதிகம் முடிந்தது. இரண்டாவதில் ஏழாம் பாட்டு வரும்போது தாடை பூட்டிக்கொண்டது; சொல் எழவில்லை; எழுந்துவிட்டேன். அடுத்து அவர் உட்கார்ந்தார். அவருக்கும் நானே பாட வேண்டியிருந்தது. கம்பளி போர்த்தியபடி, நடுங்கும் குரலில், என்னைத் தோற்கடிக்கும் அளவுகோலை நானே பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று பதிகம் முடிந்தும் அவர் எழவில்லை.

"இன்னொரு தடவ பாடுங்கண்ணே. நீங்க பாடுனாக் குளிரு தெரியல."

"ஏலே, எந்திரி. ஒங்க ஆத்தாளுக்கு நான் பதில் சொல்ல ஏலாது," என்று கார்டு அவர் தோளைப் பிடித்துத் தூக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, "பெரிய பந்தயம் இவனுக்கு. செகரட்டரி, நீரு சின்னதுல நீந்தும்," என்றார். இரக்கமாகத்தான் சொன்னார். அந்த இரக்கம் ஐஸைவிடக் கடுமையாக இருந்தது.

ஐப்பசியில் இரண்டாவது கடிதம் வந்தது. என் ஆபீசுக்கே வந்தது. நானே முத்திரை குத்தி, காரியதரிசி என்ற முறையில் நானே உறையைப் பிரித்தேன். பந்தய விதிகள் இரண்டு பக்கம், கூட்டெழுத்தில். கார்டுக்கு ரயில்வே ஆங்கிலம் மட்டுமே பழக்கம். "நீரே படிச்சுச் சொல்லும்," என்றார். அன்று மாலை மணலில் எல்லோரும் சூழ உட்கார, வரிவரியாகத் தமிழில் சொன்னேன். இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு விதி இருந்தது. ஏணியில் படிப்படியாக இறங்க வேண்டும்; தொடக்கம் முதல் முடிவு வரை தலை நீருக்குள் செல்லக் கூடாது; உறைநீரில் தலை முழுகினால் மூச்சுத் திணறி உயிருக்கு ஆபத்து நேரலாம்; ஆகையால் தலை முழுகியவர் அக்கணமே பந்தயத்திலிருந்து நீக்கப்படுவார்.

சங்கு குளிப்பவர் நீரில் இறங்கினால் முதலில் போவது தலைதான். பத்து வயது முதல் அவர் உடம்பு அறிந்த ஒரே வழி அது.

நான் அந்த வரியைப் படிக்கவில்லை. கடிதத்தை மடித்து உறையிலிட்டு, "அவ்வளவுதான்," என்றேன்.

ஏழு பாகம் இறங்குபவருக்கு ஒரு முழுக்கில் என்ன நேர்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் நீக்கப்படுவார், நான் சிறிய பந்தயத்தில் நீந்தி முடிப்பேன், ஊர் திரும்பும்போது பெயர் என்னுடையதாக இருக்கும். அன்று மாலையும் கோயிலுக்குப் போனேன். சந்நிதியில் நின்று பாடினேன். குரல் சிறிதும் பிசிறவில்லை. அதை நினைத்தால் இப்போதும் அஞ்சுகிறேன்.

கார்த்திகையில் தனுஷ்கோடித் துறையில் கப்பலேறினோம். எனக்கு போஸ்ட்மாஸ்டர் வந்து விபூதிப் பொட்டலமும், பரமக்குடித் தறியில் நெய்த கனத்த போர்வையும் கொடுத்தார். சங்கு குளிப்பவரை வழியனுப்பத் தங்கச்சிமடமே வந்திருந்தது. மாதா கோயில் பாண்டு வாத்தியம், மாலை, பெண்களின் குலவை, சாயல்குடிக் கருப்பட்டி ஓர் ஓலைக் கொட்டான் நிறைய. அவர் தாயார் என்னிடம் வந்து, "நீங்க படிச்சவக. எம்புள்ளைக்கு ஒண்ணுந் தெரியாது. பாத்துக்கிடுங்க அய்யா," என்றார். நான் தலையசைத்தேன்.

தலைமன்னார், கொழும்பு, அங்கிருந்து பெரிய கப்பல். வாரக்கணக்கில் கடல். எனக்கு எது உண்டாலும் குமட்டிற்று. அவர் எதைக் கொடுத்தாலும் உண்டார். நான் விழித்துக் கிடந்தேன். அவர் படுத்ததும் உறங்கினார். கப்பலாட்களிடம் சைகையிலேயே சிரித்துப் பேசி அவர்கள் மொழியில் வணக்கம் சொல்லவும் கற்றுக்கொண்டார். நான் இலக்கணம் பிழையாமல் ஆங்கிலம் பேசினேன். என்னிடம் ஒருவரும் வரவில்லை. மாலைதோறும் மேல்தளத்தில் அவர் என் அருகில் வந்து உட்கார்ந்து, "பாடுங்கண்ணே," என்பார். பாட்டுக்கு ஒரு நீளம் என்று கணக்கு வைத்து, உட்கார்ந்தபடியே காற்றில் கை வீசிப் பழகுவார். எட்டு நீளம், எட்டுப் பாட்டு. "மிச்சம் மூணு பாட்டு கரையேறி மூச்சு வாங்க," என்று சிரிப்பார்.

"இது எங்கள் சாமி பாட்டு. உமக்கு உறுத்தவில்லையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மாதாவ மனசுல நெனச்சுக்கிடுவேன். கைக்குத் தாளம் போதுமே அண்ணே."

அவ்வூரை அடைந்தபோது மார்கழி பாதி கடந்திருந்தது. ஏரி முழுதும் வெண்மை. அதன்மேல் மாட்டுவண்டி அளவு குதிரை வண்டிகள் ஓடின. நடுவே அறுத்துத் திறந்த நீர் மட்டும் கன்னங்கரேலென்று, நஞ்சுண்ட மிடறுபோல் இருந்தது. கார்டு கொண்டுவந்த தேங்காய் எண்ணெய் சீசாவுக்குள் மெழுகாகி, ஈர்க்குச்சி விட்டாலும் வரவில்லை. அவ்வூரார் உடம்பில் மிருகக் கொழுப்பைப் பூசிக்கொண்டார்கள். நான் மறுத்தேன். அவர் பூசிக்கொண்டு பளபளவென்று நின்றார். பத்திரிகைக்காரர் அவரை மட்டும் படம் பிடித்தார். ரொட்டிக் கடைக்கார அம்மாள் ஒருத்தி தன் கையால் பின்னிய கம்பளிக் குல்லாயை அவர் தலையில் வைத்து, காது மறைய இழுத்துவிட்டாள். என் தலையும் அங்கேதான் இருந்தது.

பந்தய நாள் காலையில் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். திருவாதிரை.

முதலில் சிறிய பந்தயம். என் பெயரை அழைத்தார்கள். ஏணிப்படியில் கால் வைத்தேன். முழங்கால், இடுப்பு, மார்பு என்று நீர் ஏற ஏறத் தோல் எரிந்தது. விதி என் நினைவில் தெளிவாக இருந்தது. அதை ஒளித்தவன் நானல்லவா. ஆயினும் மார்பளவு நீரில் நின்றபோது என் கைகள் தாமாகக் குவிந்தன. நினைவு தெரிந்த நாள் முதல் திருவாதிரை விடியலில் நீர்நின்று செய்ததை என் உடம்பு செய்தது. நாமம் சொல்லித் தலை முழுகினேன். எழுந்தேன். மறுபடி முழுகினேன். மூன்றாம் முறை முழுகி எழுந்தபோது காதுகளுக்குள் ஆயிரம் மணிகள் அடித்தன. மூச்சை உள்ளிழுக்க முடியவில்லை. கரையில் யாரோ சிவப்புக் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் ஒருமுறைகூடக் கை வீசவில்லை. இருந்த இடத்திலேயே நீக்கப்பட்டேன்.

கரையிலிருந்தவர்களைத் தள்ளிக்கொண்டு அவர் ஓடிவந்தார். என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, தம் கம்பளியை என்மேல் சுற்றி, தம் குல்லாயைக் கழற்றி என் தலையில் போட்டு, நெஞ்சை அழுந்தத் தேய்த்தார். பின் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"தலைய முக்கக் கூடாதே அண்ணே. ஒங்களுக்குத்தேன் தெரியுமே."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"பொறப்படுறதுக்கு முன்னாலயே சாமியார் சொல்லிட்டாரு. ஒங்க லெட்டர்லயும் எழுதியிருக்குன்னாரு. அன்னைக்கி மணல்ல படிக்கையில அது வரலையேன்னு யோசிச்சேன். சரி, நீங்க படிச்சவக, ஒங்களுக்கு ஞாவகம் இருக்கும், நான் என்னத்தச் சொல்லன்னு விட்டுட்டேன்."

ஆக, அந்த வாரங்கள் நெடுக, என் அருகில் அமர்ந்து பாட்டுக் கேட்ட ஒவ்வொரு மாலையும், அவர் அறிந்திருந்தார்.

அப்போது கார்டு மூச்சிரைக்க வந்தார். "என்னய்யா இது, தலை முழுகுனா அவுட்டாம்ல. எங்கன போட்டிருக்கு? எனக்குத் தெரியாதே. செகரட்டரி, லெட்டர்ல இருந்துச்சா?"

என் தாடை ஆடிக்கொண்டிருந்தது. குளிர் என்னைப் பேசவிடவில்லை என்று சொல்லலாம். அது முழு உண்மையன்று.

"லெட்டர்ல இல்ல கார்டய்யா," என்றார் அவர். "சாமியார் எங்கிட்டச் சொல்லிவிட்டாரு. நாந்தேன் ஒங்க ரெண்டு பேருக்கும் சொல்ல மறந்துட்டேன்."

"மறந்துட்டியா? ஏலே கூறுகெட்டவனே, இம்புட்டுத் தூரம் கூட்டியாந்து அவரு மானத்த வாங்கிட்டியேடா." கார்டு இன்னும் கடுமையாக ஏசினார். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். நான் வாய் திறக்கவில்லை.

பெரிய பந்தயத்துக்கு எட்டுச் சங்கத்தின் எண்மரை அழைத்தார்கள். அவர் நெற்றியிலும் மார்பிலும் சிலுவைக் குறி இட்டுக்கொண்டு என்னிடம் குனிந்தார்.

"பாடுங்கண்ணே. பாடாட்டி எனக்குக் கணக்குத் தெரியாது. எடுத்த எடுப்புல வேகமா கையப் போட்டுட்டு நடுவுல வெறைச்சுப்போவேன்."

அத்தனைக்கும் பிறகு என்னை நம்பி அவர் ஏணியில் இறங்கினார். படிப்படியாக, தலை நிமிர்த்தி, ஆமை கழுத்தை நீட்டுவதுபோல். நான் பனித்தரையில் கம்பளிக்குள் நின்று பாடத் தொடங்கினேன். முதல் பாட்டில் குரல் உடைந்தது, இரண்டாவதில் சேர்ந்தது. அவ்வூரார் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். பாட்டுக்கு ஒரு நீளமாக அவர் நீந்தினார். நான்காம் பாட்டில் நான்காவது ஆளாக வந்துகொண்டிருந்தார். அவர் பெயரை அந்த அயல்மொழிக் கூட்டம் கூவத் தொடங்கியது.

ஐந்தாம் பாட்டை நான் விரைந்து பாடினேன்.

தவறி அல்ல. தாளத்தை முடுக்கினால் அவர் கை முடுகும், கை முடுகினால் மூச்சு தீரும் என்று அறிந்தே முடுக்கினேன். அவர் ஐயுறவில்லை. பாட்டோடு விரைந்தார். நீளத்தின் முடிவில் திரும்பும்போது முகம் கரையை நோக்கியது. உதடுகள் நீலமாக இருந்தன. கண்கள் என் வாயையே பார்த்திருந்தன. அந்தப் பார்வையில், தனுஷ்கோடித் துறையில் அவர் தாயார் என்னைப் பார்த்த பார்வையைக் கண்டேன். ஆறாம் பாட்டைப் பழைய தாளத்துக்கு இறக்கினேன். ஏழாவதை இன்னும் இறக்கினேன். எட்டாவதை, ஒவ்வொரு சீரையும் அவர் பிடித்துக்கொண்டு வர ஏதுவாக நீட்டிப் பாடினேன். ஆறாவதாக வந்து சேர்ந்தார். எண்மரில் ஆறாவது. அவரை ஏணியில் தூக்கியபோது, முதலில் வந்தவனுக்கு எழாத ஆரவாரம் எழுந்தது. மிச்சம் மூன்று பாட்டையும் பாடி முடித்தேன். அவர் மூச்சு வாங்க அவை வேண்டுமல்லவா.

ஐந்தாம் பாட்டு அவரிடமிருந்து எத்தனை இடத்தைப் பறித்தது என்று எனக்குத் தெரியாது. அந்த ஆறாம் இடத்தின்மீதும் எனக்குப் பொறாமை வந்தது என்பது தெரியும்.

ஊர் திரும்பிய பின் பல ஆண்டுகள் கார்டு அந்தக் கதையை எல்லோரிடமும் சொன்னார். "இந்தப் பய வாயத் தொறந்திருந்தா நம்ம செகரட்டரி செயிச்சிருப்பாரு," என்பார். பாம்பன் பிளாட்பாரத்திலும், சங்கக் கூட்டத்திலும், கல்யாணப் பந்தியிலும் சொன்னார். மறதிக்காரன் என்று அவரைக் கேலி செய்தார்கள். அவர் சிரிப்பார். நான் இருந்தால் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். பார்த்தால் எனக்கு வலிக்கும் என்று. கார்டு அந்த நம்பிக்கையோடே காலமானார்.

சங்கு குளித்தவர் இன்றும் இருக்கிறார். கடைத்தெருவில் கண்டால், "என்ன பாட்டுக்காரண்ணே, சொகமா?" என்பார். அப்போதெல்லாம் எனக்குள் எரிவது பழைய பொறாமையன்று, புதியது. நீச்சலும் மூச்சும் அவருக்கு வாய்த்தவை என்று விட்டுவிடலாம். பிறர் பிழையைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு சிரிக்கும் மனம், இத்தனை பதிகம் பாடிய எனக்கல்லவா வாய்த்திருக்க வேண்டும். என் பெருமான் பிறர்க்காக நஞ்சை மிடற்றில் நிறுத்தினான் என்று நாள்தோறும் பாடியவன் நான். அதைச் செய்தவர் அவர்.

ஆகவே இதை எழுதிவிட்டேன். விதி கடிதத்தில் இருந்தது. படிக்காமல் மடித்தவன் நான். அவர் எதையும் மறக்கவில்லை. மை உலர்ந்ததும் இந்தத் தாள்களைத் தங்கச்சிமடத்துக்கு எடுத்துச் சென்று, அவர் மக்களும் மருமக்களும் கேட்க, நானே வாய்விட்டுப் படிக்கப்போகிறேன். இம்முறை ஒரு வரியும் விடாமல்.

இதைப் படிப்போர் எவரும் அயலார் ஏற்றம் கண்டு உள்ளம் வேகாதிருக்கட்டும். வெந்தால், அதைச் சொல்லிவிடும் துணிவு முதுமைக்கு முன்பே வாய்க்கட்டும். நீரில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் கரையில் ஒரு மெய்யான குரல் துணைநிற்கட்டும். மணற்கரை மேவிய பெருமான் படிப்பவர் குலத்தையும், கேட்பவர் குலத்தையும், கடலை நம்பிய அனைவரையும் காக்க.